தம்பித்துரையின் இரண்டு விரல்கள்

நீடர்ஹைம்,
மேற்கு ஜேர்மனி
20.03.1986

அன்பின் பிளோறன்ஸ்,

இறைவன் கிருபையால் நான் சுகம். நீரும் மாமியும் சுகமாயிருக்க இந்தக் குளிருக்குள் இருந்து மன்றாடுகிறேன். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை, பாலன் பிறந்த நத்தாருக்கு ஒரு வாழ்த்துக்கூட இல்லை என்று நீர் கோபத்தில் இருப்பீர். குளிர் அப்படி. விரல்கள் விறைத்துப் பேனை பிடிக்க முடியவில்லை. எழுத்துச் சாய்ந்து கிடந்தால் குளிரை ஏசும், என்னை ஏச வேண்டாம்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பகிடி. அதை உமக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஹைமில், அதாவது அகதிகளை வைத்திருக்கும் விடுதியில், தமிழ் ஆட்கள் பதினாறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபைக்காகக் கூட்டித் துடைக்க மட்டும் கிழமையில் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை என்னை ஒரு பழைய ட்ராம் கொட்டகைக்கு அனுப்பினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், நடுவில் ஆளுயரத்தில் ஒரு உருவம், தலை முதல் கால்வரை துணியால் சுற்றி நிற்கிறது. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசு காலம் அல்லவா? எங்கள் கோயிலில் இந்த நாட்களில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவோமே, அந்த ஞாபகம்தான் வந்தது. ஜேர்மன்காரர் ட்ராம் கொட்டகையிலும் மாதாவை வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முழங்காலில் இருந்து சிலுவை போட்டேன். அருள் நிறைந்த மரியேயும் தொடங்கிவிட்டேன்.

பாதிச் செபத்தில் பின்னால் ஒரு குரல், இங்கிலீசில்: "அவவிட்ட ஒண்டும் கேளாதேங்கோ. அவவே பஸ்சைத் தவறவிட்டிட்டு நிக்கிறா."

திரும்பிப் பார்த்தால் எழுபது வயதுக்குக் கிட்டிய ஒரு வெள்ளைக்கார மனுசி. ஆண்பிள்ளைகளின் காற்சட்டை, முழங்கைவரை களிமண். வந்து துணியை அவிழ்த்துக் காட்டினார். மாதா இல்லை. சந்தைப் பையோடு, சப்பாத்துக் கடிக்கிறதென்று ஒரு குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குண்டுப் பெண். களிமண் காயக் கூடாதென்று ஈரத் துணி சுற்றுவதாம்.

அவர் பெயர் மிஸ் பாஸ்கோ. இங்கிலாந்துச் சிற்பி. இந்தப் பட்டணமும் அங்கே ஒரு பட்டணமும் சிநேகிதப் பட்டணங்களாம். அதற்காக இங்கே ஸ்ரேசன் சதுக்கத்தில் வைக்க உருவங்கள் செய்கிறார். நான் வெட்கத்தில் விளக்குமாற்றைத் தேட, அவர் கேட்டார்: "இன்னொருக்கா முழங்காலில இருப்பீங்களோ? அந்த முதுகை நான் வடிவாப் பாக்கேல்லை."

இரண்டாம் தரமும் இருந்தேன். செபத்தையும் முடித்துவிட்டேன். மாமிக்கு என் அன்பைச் சொல்லும்.

உம்முடைய
ஜேசுரட்ணம்

*

இயேசு மரி சூசை துணை

இளவாலை
14.04.1986

என் அன்பு அத்தானுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு வழமைபோல. உங்கள் சுகம் அறியாமல் மூன்று மாதம் நான் படலையில் நின்ற நிலையைப் பார்த்துத் தபாற்காரன் எங்கள் ஒழுங்கையால் வராமல் சுற்றிப் போகத் தொடங்கிவிட்டான். கோபம் இருக்கிறதுதான். ஆனால் அந்த மனுசியின் கதை கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டது.

அவர் கலியாணம் கட்டினவரா? ஒரு பெண்பிள்ளை எப்படி இவ்வளவு மண்ணையும் இரும்பையும் தூக்குகிறார்? சந்தைப் பையோடு நிற்பவளுக்கு எதற்குச் சிலை? எங்களிடம் சிலை என்றால் சுவாமிமாருக்கு, இல்லாவிட்டால் செத்துப்போன பெரிய மனிசருக்கு. உயிரோடு இருக்கிறவரைப் பார்த்துச் செய்தால் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்கிறா. எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள், ஒன்றையும் சுருக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கடிதம் எது வந்தாலும் வாசிக்க முதல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நீங்கள் வளர்த்து வைத்திருக்கும் சின்னவிரல் நகம் ஒவ்வொரு வரிக்கும் கீழே மெல்லிய கீறு ஒன்று இழுத்திருக்கும். இந்தக் கடிதத்தில் ஒரு கீறும் இல்லை. நகத்தை வெட்டிவிட்டீர்களா? கலியாணத்துக்கே வெட்ட மாட்டேன் என்று நின்ற நகம்!

கொலோனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் ராசன் எழுதியிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே தமிழ்ப் பூசை வைக்கப் போகிறார்களாம். ஒரு ஆர்மோனியமும் கிடைத்துவிட்டதாம். வாசிக்க உங்களைத் தவிர வேறு யார்? உங்கள் பாட்டுக் கொப்பியை அடுத்த தபாலில் அனுப்புகிறேன். இங்கே இருக்கும் உங்கள் ஆர்மோனியப் பெட்டியைச் சனிக்கிழமைகளில் திறந்து தூசு தட்டித் துருத்தியை அமத்திப் பார்க்கிறேன். மூச்சு நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கும்
பிளோறன்ஸ்

*

நீடர்ஹைம்
04.05.1986

அன்பின் பிளோறன்ஸ்,

உம்முடைய கடிதமும் சுகமும் கிடைத்தன. நானும் சுகம்.

நகத்தை வெட்டிவிட்டேன். இங்கே கையுறை போட வேண்டும், அந்த நகம் ஒத்துவராது.

மிஸ் பாஸ்கோவிடம் உம்முடைய கேள்விகளை அப்படியே கேட்டேன். உம்மை அவருக்குப் பிடித்துவிட்டது. கலியாணத்துக்குப் பதில்: "ரெண்டு தரம் யோசிச்சனான். ரெண்டு தரமும் களிமண் காஞ்சுபோகும் எண்டு இடையில எழும்பி வந்திட்டன்." யுத்த காலத்தில் விமானத் தொழிற்சாலையில் இரும்பு அராவிய கையாம், அதனால் பாரம் ஒரு பொருட்டில்லை. ஆயுள் குறைவதைப் பற்றிக் கேட்டதற்கு, தான் செய்த ஆட்களில் பாதிப்பேர் தன்னைவிடத் திடமாக இருக்கிறார்கள் என்று மாமிக்குச் சொல்லச் சொன்னார்.

அவரிடம் ஒரு படக் கொப்பி இருக்கிறது. இங்கிலாந்தில் ஊர் ஊராக அவர் வைத்த உருவங்கள். பஸ் நிலையத்தில் ரிக்கற் பையோடு நிற்கும் கண்டக்டர் பெண், துறைமுகத்தில் மீன் வெட்டிக்கொண்டே சண்டை பிடிக்கும் இரண்டு பேர், புதுக் குடியிருப்பு ஒன்றின் நடுவில் துணி பிழியும் ஒருத்தி. இராசா இல்லை, தளபதி இல்லை. "அவைக்கு வேற ஆக்கள் இருக்கினம்" என்கிறார். பீடமும் வைப்பதில்லை. உருவங்கள் வெறும் நிலத்தில் சனத்தோடு சனமாக நிற்கின்றன. கண்டக்டர் பெண்ணின் மூக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தடவித் தடவிப் பொன்னாக்கிவிட்டார்களாம். அது அவருக்குப் பெரிய பெருமை.

முதலில் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு மாதிரி ஒன்று கட்டுகிறார். அதன்மேல் களிமண். பெரிய கவராயத்தால் ஆளின் தோளை அளந்து மண்ணின் தோளை அளக்கிறார். சரிவராவிட்டால் மண்ணை ஏசுகிறார், ஆளை ஏசுவதில்லை.

சதுக்கத்தில் மூன்று உருவம் வரும். சந்தைப் பெண், நொண்டி விளையாடும் ஒரு சிறுமி, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கில் உட்கார்ந்து கடிதம் வாசிக்கும் ஒருவன். இந்த மூன்றாவதுக்கு எங்கள் ஹைமில் இருந்து ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார். பெயர் தம்பித்துரை, சாவகச்சேரிப் பக்கம். கடிதம் பிடித்தபடி மணிக்கணக்காக இருப்பது அவருடைய வேலை.

அந்த மனிதரின் நிலைமையை உமக்குச் சொல்ல வேண்டும். நத்தாருக்கு முதல் அனுமதியில்லாமல் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்றிருக்கிறார். இறைச்சி சீவும் மெசினில் கை அகப்பட்டு இரண்டு விரல் போய்விட்டது. களவு வேலை என்பதால் வெளியில் சொல்லவும் ஏலாது. ஆஸ்பத்திரியில் கதவு நெரித்தது என்று சொல்லிப் படுத்திருந்தார். ஊரில் இருக்கும் மனைவிக்கு இன்றுவரை எழுதவில்லை. என்னிடம் யோசனை கேட்கிறார். பெண்களின் மனம் உமக்குத்தான் தெரியும். அவருக்கு என்ன சொல்லட்டும்?

கொலோன் வேறு மாவட்டம். எங்கள் மாவட்டத்தைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். பூசை விசயத்தைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்
ஜேசுரட்ணம்

*

இயேசு மரி சூசை துணை

இளவாலை
26.05.1986

என் அன்பு அத்தானுக்கு,

நாங்கள் கர்த்தர் காவலில் சுகம். பலாலி ஆமிக் காம்ப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டபடிதான். போன கிழமை மூன்று நாள் பள்ளிக்கூடம் இல்லை. நீங்கள் அதை யோசிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டே சண்டை பிடிப்பவர்களைச் சிலை செய்யலாம் என்றால் எங்கள் சந்தையில் இடம் காணாது என்று அம்மா சிரிக்கிறா. பீடம் இல்லாவிட்டால் நாய் காலைத் தூக்காதா என்றும் கேட்கச் சொன்னா.

தம்பித்துரை அண்ணைக்கு நான் சொல்வது இதுதான்: நன்றாக ஏசுங்கள். விரல் போனதை மறைக்கலாம், மறைத்ததை எங்கே கொண்டுபோய் மறைப்பார்? அந்தப் பெண் என்றைக்காவது ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் இருந்து சோறு போட மாட்டாளா? அப்போது அவள் அழப்போவது விரலுக்காக இல்லை. இத்தனை மாதம் தன்னிடம் சொல்ல ஏலாத ஒருத்தியாகத் தன்னை வைத்திருந்தாரே, அதற்காக.

பாவம், நோவோடு தனியப் படுத்திருந்திருப்பார். அதையும் நினைத்தேன். ஏசினபிறகு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள்.

அவருடைய மனைவியின் பெயர் என்ன? ஊரில் அவர் என்ன தொழில் செய்தார்?

ஒன்று எனக்கு விளங்கவில்லை. முழங்காலில் இருந்தது நீங்கள். முதுகைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது உங்களை. கடைசியில் அந்த மனுசி பிடித்தது தம்பித்துரையையா?

பாட்டுக் கொப்பி அனுப்பிவிட்டேன்.

உங்கள்
பிளோறன்ஸ்

*

நீடர்ஹைம்
17.06.1986

அன்பின் பிளோறன்ஸ்,

நலம். உமது நலம் நாடுகிறேன். கொப்பி வந்து சேர்ந்தது. அட்டையில் உம்முடைய கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

என் முதுகு கூனலாம், அதனால்தான் தம்பித்துரை. மாமியின் கேள்விக்கு: நாய் காலைத் தூக்கத்தான் செய்யும், மழை பெய்யத்தான் செய்யும், தன்னுடைய ஆட்கள் இரண்டையும் தாங்குவார்கள் என்கிறார் மிஸ் பாஸ்கோ.

தம்பித்துரைக்கு நீர் எழுதியதை அப்படியே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மனைவியின் பெயர் கமலநாயகி. அவர் ஊரில் தையற்காரர். பிரச்சினை அதில்தான் இருக்கிறது. கலியாணத்துக்கு முதல் கமலநாயகி சட்டை தைக்கக் கொடுக்க வந்து, அவருடைய கை ஓடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னாளாம். "கையைப் பாத்துக் கட்டினவள். அந்தக் கையே இல்லையெண்டா நான் ஆர் அவளுக்கு?" என்று கேட்கிறார். இதற்கு நீர்தான் மறுமொழி எழுத வேண்டும்.

இப்போது கைகள் செய்கிற கட்டம் வந்திருக்கிறது. கடிதம் வாசிக்கிறவன் என்பதால் இரண்டு கையும் முன்னால் தெரியும், ஒளிக்க வழியில்லை. தம்பித்துரை மிஸ் பாஸ்கோவிடம், சிலைக்கு விரல் முழுவதும் வைத்துவிடச் சொல்லிக் கேட்டார். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு விரல் செய்ய எனக்கு அரை மணித்தியாலம் காணும். ஆனா ஆற்ற விரலைச் செய்யிறது?"

"என்ர பழைய விரலை."

"அதை நான் காணேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார். ஓகஸ்ற் தொடக்கத்தில் மண்ணுக்கு மேல் சாந்து ஊற்றி அச்செடுப்பார்கள். அதற்கு முதல் தம்பித்துரை முடிவு சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் அப்படிச் செய்வதாக மிஸ் பாஸ்கோ வாக்குக் கொடுத்திருக்கிறார். வெண்கலத்தில் ஊற்றிவிட்டால் பிறகு ஒருவராலும் மாற்ற ஏலாது.

அன்புடன்
ஜேசுரட்ணம்

*

இயேசு மரி சூசை துணை

இளவாலை
09.07.1986

அத்தானுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் அறிய வேண்டும், முழுச் சுகத்தையும்.

ராசன் அண்ணை எழுதியிருக்கிறார். தானே அலைந்து அனுமதிக்கு வழிசெய்தும் நீங்கள் வர ஏலாது என்றுவிட்டீர்களாம். "ஆர்மோனியம் மறந்துபோச்சு" என்றீர்களாம். பதினொரு வருடம் கோயிலில் வாசித்தவருக்கு கொஞ்ச மாதத்தில் மறந்துபோகுமா?

தம்பித்துரைக்குப் போனது வலது கையா இடது கையா? எந்த இரண்டு விரல்? நீங்கள் அதை எழுதவில்லை.

இதோடு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுங்கள்.

பிளோறன்ஸ்

*

தம்பித்துரை அண்ணைக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறாளே என்று குறை நினையாதேயுங்கோ. என் கணவர் உங்களோடு ஒரே ஹைமில் இருக்கிறவர்.

கமலநாயகி உங்கள் கையைப் பார்த்துத்தான் கட்டினாள் என்கிறீர்களாம். அவளைக் கேட்டீர்களா? கட்டினவர்கள் தாங்களாக ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். என் கணவரும் நான் அவருடைய ஆர்மோனியத்தைக் கேட்டு மயங்கித்தான் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை, ஆள் சந்தோசப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடந்தது வேறு. ஒரு உயிர்ப்புத் திருநாள் பூசையில் பாட்டு நடுவில் உடைந்துபோனது. பூசை வைத்த சுவாமி எங்களைத்தான் முறைத்துப் பார்த்தார், பாடின பெண்கள் பிழைவிட்டார்கள் என்று. நாங்கள் தலையைக் குனிந்தோம். அப்போது ஆர்மோனியக்காரன் எழும்பி, கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், "பிள்ளையள் சரியாப் பாடினவை சுவாமி, பிழை என்ர" என்றார். காது இரண்டும் சிவந்துபோய் நின்றார். அன்றைக்குத்தான் நான் என் மனதுக்குள் சரி என்று சொன்னேன்.

கமலநாயகிக்கும் அப்படி ஏதாவது இருக்கும். விரலைப் பற்றி நீங்கள் பிறகு யோசியுங்கோ.

இப்படிக்கு
திருமதி பிளோறன்ஸ் ஜேசுரட்ணம்

*

நீடர்ஹைம்
03.08.1986

அன்பின் பிளோறன்ஸ்,

சுகம். துண்டைத் தம்பித்துரையிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நீர் கேட்டது: வலது கை. சின்னவிரலும் அதற்கு அடுத்த மோதிரவிரலும்.

மிஸ் பாஸ்கோ தம்பித்துரைக்கு ஒரு கதை சொன்னார். அந்தத் துணி பிழியும் பெண்ணை எழுதியிருந்தேன் அல்லவா? அது உண்மையாகவே அந்தக் குடியிருப்பில் இருந்த ஒரு சலவைக்காரி. ஒரு கண் சரிந்த வாக்குக் கண், ஒரு தோள் மற்றதைவிடக் கீழே. முப்பது வருடம் ஈரத் துணி தூக்கிய தோள். நகரத்தில் நிற்கப்போகிற சிலை, கொஞ்சம் நிமிர்த்திவிடுங்கள் என்று வீட்டார் வந்து கேட்டார்களாம். மிஸ் பாஸ்கோவுக்கு அப்போது வயதும் குறைவு, துணிச்சலும் குறைவு. கண்ணை நேராக்கி, தோளை உயர்த்திவிட்டார். திறப்பு விழாவுக்கு முதலே அந்தப் பெண் காய்ச்சலில் செத்துப்போனா. விழாவுக்குப் புருசன் வந்தார். சிலையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு மிஸ் பாஸ்கோவிடம் வந்து மரியாதையாகக் கேட்டாராம்: "வடிவான சிலை. என்ர மனுசியின்ர எங்க வச்சிருக்கிறியள்?"

சொல்லும்போது அவர் கையில் மண் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. "அந்தாள் தேடினதை நான் முப்பது வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

தம்பித்துரை "உள்ளபடியே விடுங்கோ" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் சாந்து ஊற்றினார்கள். அச்சு வார்ப்படசாலைக்குப் போய்விட்டது.

ராசனுக்கு நான் எழுதுகிறேன். உடம்பைக் கவனியும்.

ஜேசுரட்ணம்

*

நீடர்ஹைம்
19.10.1986

அன்பின் பிளோறன்ஸ்,

நீரும் மாமியும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கிற வசனத்தை இன்று வழமைக்காக எழுதவில்லை. இரண்டரை மாதமாக உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. ரேடியோவில் வடக்குச் செய்தி சொன்னால் காதைக் கொண்டுபோய் வைக்கிறேன். நான் மூன்று மாதம் எழுதாமல் இருந்தபோது நீர் படலையில் எப்படி நின்றிருப்பீர் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. எங்கள் ஆட்கள் பூமாலை கட்டிக்கொண்டு வந்து, திறப்பு விழாவென்றால் மாலை போடத்தானே வேண்டும் என்று வாங்கில் இருப்பவனின் கழுத்தில் போட்டுவிட்டார்கள். நகரபிதா திகைத்துப்போனார். இங்கே செத்தவர்களின் கல்லறைக்குத்தான் மலர் வளையம் வைப்பார்களாம். மிஸ் பாஸ்கோ எடுக்க விடவில்லை. "குளிருக்கு நல்லது, கிடக்கட்டும்" என்றார்.

பிறகு சனம் வந்தது. பிள்ளைகள் நொண்டிச் சிறுமியோடு நொண்டினார்கள். ஒரு ஜேர்மன்காரர், வயதானவர், வந்து வாங்கில் கடிதக்காரனுக்குப் பக்கத்தில் இருந்தார். வெண்கலக் கையைப் பார்த்தார். அந்த இரண்டு கட்டையையும் விரலால் தொட்டார். பிறகு தன்னுடைய இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் பெருவிரல் இல்லை. நான் ஐந்தடி தள்ளி, வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். பத்து மாதமாக அந்தக் கை அங்கேதான் இருந்தது. வெளியில் எடுத்தேன். அவர் என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார்.

பிளோறன்ஸ், எங்கள் ஹைமில் தம்பித்துரை என்று ஒருவரும் இல்லை. கமலநாயகியும் இல்லை. தையற்காரனும் இல்லை. நத்தாருக்கு முதல் அந்தக் குசினியில் நின்றது நான். ஆர்மோனியக் கட்டையில் ஓட வேண்டிய விரலில் இரண்டு இல்லை, இனி வராது. உம்மை ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கவில்லை. முதல் கடிதத்தில் சொல்லப் பயந்தேன். இரண்டாவதில் தம்பித்துரை வந்து நின்றார், அவர் வாயால் சொல்வது சுகமாக இருந்தது. நீர் அவருக்கு எழுதிய துண்டை வாசித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சிலைக்கு உள்ளபடியே விடச் சொன்ன வாய்க்கு உமக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. பிழை என்னுடையது. என்னை மன்னியும்.

நகரசபை அடித்த தபால் அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கில் இருப்பவனின் கையில் இருக்கும் கடிதம் உம்முடைய ஏப்ரல் மாதக் கடிதம். மடிப்புக்கூட அதே மடிப்பு.

உம்முடைய
ஜேசு

*

இயேசு மரி சூசை துணை

இளவாலை
11.11.1986

என் அன்பு அத்தானுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். ரேடியோவை மூடிவிட்டுப் படுங்கள்.

உங்கள் தம்பித்துரையை எனக்கு மே மாதமே தெரியும். பதினொரு வருடம் வளர்த்த நகம், கையுறைக்காக வெட்டினேன் என்று ஒரு வரியில் எழுதுகிற ஆளா நீங்கள்? அதைப் பற்றி ஒரு பக்கம் புலம்பியிருப்பீர்கள். யூலையில் எந்தக் கை என்று கேட்டேன், பொய்யாகவேனும் இடது என்று எழுதுவீர்கள் என்று. நீங்கள் வலது என்று எழுதினீர்கள். ஒரு கிழமை அழுதேன். மூக்கு ஒழுகுவது தடிமனால் என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு கோபம் வந்தது. நீங்களாக வந்து சொல்லும்வரை பேனையைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டேன். இரண்டரை மாதம் எனக்கும் சுகமாகப் போகவில்லை, அதையும் அறிந்துகொள்ளுங்கள்.

தபால் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகம் உங்களுடையது மாதிரி இல்லை, அந்த மனுசி மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டா. முதுகு கூனல் இல்லை, அதுவும் பொய். ஆனால் அந்தக் கையைப் பார்த்த உடனே தெரிந்தது. நான் தேட வேண்டியிருக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

பேனை தொடவில்லை என்றேன், சும்மா இருந்தேன் என்று சொல்லவில்லை. ஓகஸ்ற் முதல் செவ்வாயும் சனியும் கன்னியர் மடத்துச் சிஸ்டரிடம் ஆர்மோனியம் படிக்கிறேன். சிஸ்டர் பொல்லாதவ, பிழைவிட்டால் விரலில் அடிமட்டத்தால் தட்டுகிறா. வீட்டில் உங்கள் பெட்டியைத் திறந்து வைத்துப் பழகுகிறேன். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு கையும் ஓடாது. வலது கை கட்டையைப் பார்த்தால் இடது கை துருத்தியை மறந்துவிடுகிறது. அம்மாதான் பக்கத்தில் இருந்து அமத்துகிறா. நாலு பாட்டுக்குள் அவவுக்கு இளைக்கிறது.

ராசன் அண்ணைக்கு எழுதிவிட்டேன், வாசிக்க ஆள் வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று. உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு எப்போது முடிவு வருமோ, என்னை எப்போது கூப்பிட விடுவார்களோ, அது எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் நான் பழகிக்கொண்டிருப்பேன்.

உங்கள் இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? துருத்தியை நீங்கள் அமத்துங்கோ. கட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படி வாசிப்பதென்றால் நான் உங்கள் வலது பக்கத்தில்தான் இருக்க வேண்டும். படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாங்கில் அந்தப் பக்கத்தைத்தான் மிஸ் பாஸ்கோ வெறுமையாக விட்டிருக்கிறா.

அங்கே இனிப் பனி கொட்டும் என்கிறார்கள். போகும்போது வரும்போது அந்த இடத்தைத் துடைத்து வையுங்கோ.

உங்கள்
பிளோறன்ஸ்